சராசரி ஆஸ்திரேலியருக்குத் தெரியாத சொல்

சேஷாத்ரி விடை சொல்லி முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த மூவரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். இரண்டு பேர் பேனாவை வைத்தார்கள். மூன்றாமவர் பின்னல் ஊசியை வைத்தார்.

"மன்னிக்கவும்," என்றார் தலைவர் மேஜர் ஹார்கிரீவ்ஸ். "தெரியும் என்கிறீர்களா?"

"தெரியும் சார்."

"எழுத்து, பொருள், தோற்றம், மூன்றுமேயா?"

"மூன்றும்."

மேஜர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

இது நடந்தது மெல்பர்னில், எழுபத்தைந்தாம் வருஷம். வெளிநாட்டில் வாங்கிய பட்டம் ஆஸ்திரேலியாவிலும் பட்டமாக இருக்க வேண்டுமானால், வைத்திருப்பவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஆங்கிலத் தகுதி வாரியம் கை தூக்க வேண்டும். வாரியம் எல்லாவற்றையும் கை தூக்கித்தான் முடிவு செய்யும். டீ கொண்டுவரலாமா என்பதற்கும் அப்படித்தான். வாரியம் கை தூக்கும்வரை கிண்டியில் மெக்கானிக்கல் படித்த சேஷாத்ரி, தோளில் தோல் பையோடு ட்ராமில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

டிக்கெட் கிழிப்பதில் அவனுக்கு வருத்தம் இல்லை. வருத்தப்படுகிற இடம் எதுவோ அது மரத்துப் போயிருந்தது. மனைவி வேதவல்லி இறந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழந்தை கலா திருச்சியில் பெரியம்மா பத்மாவிடம் இருந்தாள். தொழில் அங்கீகாரம் இருந்தால்தான் குழந்தையைக் கூப்பிட அனுமதி. அங்கீகாரத்துக்கு வாரியம். வாரியத்துக்கு ஒரு சொல்.

சொல் 'ஸ்பிரிஞ்ஜ்'. 'ஸ்பிரிங்' என்று எழுதிக் கடைசியில் ஒரு 'ஈ' போட வேண்டும். பச்சைக் கிளையை வளைத்து, நுனியில் சுருக்குக் கயிறு கட்டி, பறவையின் காலோ கழுத்தோ பட்டதும் கிளை துள்ளி எழும்படி வைக்கிற கண்ணி. துள்ள வைப்பது என்ற பொருளுள்ள பழைய வினை ஒன்றிலிருந்து பிறந்தது. இதெல்லாம் சேஷாத்ரிக்குத் திருச்சிப் பள்ளிக்கூடத்தில் வந்த ஞானம். அங்கே வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலப் பாடநூலை யாரும் மாற்றவில்லை. இங்கிலீஷ் வாத்தியார் இங்கிலாந்தைக் கண்டதில்லை. ஆனால் இங்கிலாந்தில் காடை எப்படிப் பிடிபட்டது என்று காலாண்டுத் தேர்வில் கேட்பார். அதற்கு விடை எழுதாமல் வெற்றிடம் விட்டால் முழங்காலில் நிற்க வேண்டும். எந்தக் கேள்வியையும் விடக்கூடாது. கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுத வேண்டும். சேஷாத்ரி அப்படி வளர்ந்த பிள்ளை.

மேஜர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மிஸ்டர் சேஷ், உங்கள் விடை சரியாக இருக்கலாம். அதுதான் எங்கள் கவலை. இந்தக் கேள்விச் சீட்டுகளை வாரியம் போர் முடிந்ததும் இங்கிலாந்திலிருந்து மலிவாக வாங்கியது. கேள்விகள் ஒரு கப்பலில் வந்தன. விடைகள் வேறு கப்பலில் புறப்பட்டன. அந்தக் கப்பலை நாங்கள் இன்னும் எதிர்பார்க்கிறோம். இதுவரை வந்த விண்ணப்பதாரர்கள் எல்லாரும் கண்ணியமாகத் தெரியாது என்றார்கள். தெரியாது என்ற விடையை உடனே சரிபார்க்கலாம். எங்களுக்கும் தெரியாது, ஒத்துப்போகிறது. உங்கள் விடையை எதோடு ஒத்துப்பார்ப்பது?"

"அகராதியில் பார்க்கலாமே சார்."

மற்ற இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். ஒருவர் டாட்ஸ், ஓய்வு பெற்ற மரவேலை வாத்தியார். இன்னொருவர் மிஸஸ் ஃபென்விக், பொதுமக்களின் பிரதிநிதி. பொதுமக்கள் சார்பில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"அகராதியா?" மேஜரின் குரல் தாழ்ந்தது. "நாங்கள் ஆங்கிலத்தின் காவலர்கள். அகராதியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும் என்று வந்துவிட்டால், மக்கள் எங்களை விட்டுவிட்டு அகராதியிடமே போய்விட மாட்டார்களா? விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. ஆதரிப்பவர்கள்?"

மூன்று கைகள் எழுந்தன.

வெளியே நடையில் வாரியத்தின் குமாஸ்தா மார்கரெட் அவனை மறித்தாள். ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண். வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளை எழுதுவது அவள்தான்.

"என்னாண்ணே நீங்க! ஏன் பதில் சொன்னீங்க? இங்க யாருமே சொல்ல மாட்டாங்க லா."

"கேட்டாங்களே."

"கேப்பாங்க. அது அவங்க வேல. பேசாம இன்ஜினியர்னு போடாம வேற ஏதாச்சும் போட்டிருக்கலாம். போன மாசம் மால்ட்டாக்காரர் ஒருத்தர், முயல் பிடிக்கிறவர். பண்ணைக்காரங்க முயல் தொல்லைன்னு கத்துறாங்கல்ல? கண்ணி வெக்கிறவங்கள மட்டும் குடும்பத்தோட உடனே விடறாங்க. அவர் பொஞ்சாதி புள்ளையெல்லாம் வந்து இறங்கிட்டாங்க."

"நான் இன்ஜினியர்மா."

"அதாண்ணே பாவம்."

ரிச்மண்டில் அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கணக்காளர் குணசீலன், குசினியில் மீன்டின் உடைத்துக்கொண்டே கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு டின்னைக் கீழே வைத்தார்.

"ஐசே, உமக்கு விசரோ? நான் போன வருஷம் போனனான். ஏதோ ஒரு சொல் கேட்டவை. தெரியாது எண்டனான். மூண்டு பேரும் எழும்பி நிண்டு கை தந்தவை."

"தெரிஞ்சதைத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

சேஷாத்ரி கதிரையில் உட்கார்ந்து பத்மாவின் கடிதத்தை மறுபடி எடுத்தான். கடைசி வரிகள் மட்டும் போதும். மற்றவை வெயில், மழை. 'கலா இவரை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் இன்னும் திருத்தவில்லை. திருத்தட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கோ.'

குணசீலன் எட்டிப் படித்தார். பிறகு மீன்கறியில் ஒரு தேசிக்காய் பிழிந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த முறை தெரியாது எண்டு சொல்லும். அந்தப் பிள்ளைக்காகச் சொல்லும்."

அடுத்த முறை சேஷாத்ரி 'தெரியாது' என்ற ஒரு சொல்லை ட்ராமில் போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டான். வாரியத்தின் முன் நின்றதும் முதல் வேலையாகச் சொன்னான்.

"சார், அன்றைக்கு நான் சொன்னது தவறாக இருக்கலாம். அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்."

மேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தவறு என்று சொல்ல வேண்டுமானால் சரியானது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தெரியும். தெரிந்துகொண்டே தெரியாது என்றால் அது அரசாங்க வாரியத்தின் முன் பொய். தெரியாமலே அன்றைக்குத் தெரியும் என்றிருந்தால் அதுவும் பொய். எந்தப் பொய் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். வாரியம் யாரையும் வற்புறுத்துவதில்லை."

சேஷாத்ரி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

"நல்லது. நாங்கள் கடினமானவர்கள் அல்ல. வாரியத்தின் அளவுகோல் எளிமையானது: சராசரி ஆஸ்திரேலியரின் ஆங்கிலம். அதற்குக் கீழே இருப்பவர் தேற மாட்டார். மேலே இருப்பவரும் தேற மாட்டார். அளவு என்றால் அளவுதான். சராசரி ஆஸ்திரேலியர் ஒருவரைச் சாட்சியாக அழைத்து வாருங்கள். அவருக்கு இந்தச் சொல் தெரிந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கலாம்."

சேஷாத்ரிக்குத் தெரிந்த சராசரி ஆஸ்திரேலியர் ஒருவர்தான். அவன் டிக்கெட் கிழிக்கும் ட்ராமை ஓட்டும் கெவின். முதல் நாள் இரவு சேஷாத்ரி அந்தச் சொல்லையும் பொருளையும் கெவினுக்குச் சொல்லிக்கொடுத்தான். கெவினும் பியர் குடித்தபடி திருப்பிச் சொன்னான். மறுநாள் மேஜரைக் கண்டதும் எல்லாம் பறந்துவிட்டது.

"தெரியாது மேட்," என்றான் கெவின். "சாப்பிடற சாமானா?"

மிஸஸ் ஃபென்விக் பின்னலை நிறுத்தினார். மேஜர் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்ன தெளிவு! என்ன நேர்மை! இந்த வாரியம் இத்தனை வருஷமாகக் காத்துவருவது இந்த ஆங்கிலத்தைத்தான். தேறினார் என்று அறிவிக்கிறேன். ஆதரிப்பவர்கள்?"

மூன்று கைகள் எழுந்தன. மேஜர் திறந்திருந்த கோப்பிலேயே சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கெவினிடம் நீட்டினார். அது சேஷாத்ரியின் கோப்பு. கோப்பில் தொழில் என்ற இடத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியர் என்றிருந்தது. கெவின் ஆங்கிலத்தில் தகுதி பெற்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆனான்.

"இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டான் கெவின். மணி பார்த்தான். ட்ராம் எடுக்க நேரமாகிவிட்டதென்று ஓடினான்.

"என்னுடையது சார்?" என்றான் சேஷாத்ரி.

"ஒரு கோப்பில் ஒரு இன்ஜினியர்தான் தேறலாம்," என்றார் மேஜர் பரிவோடு. "உங்கள் கோப்பில் ஒருவர் தேறிவிட்டார். பாராட்டுகள். இன்ஜினியராகவே தேற விரும்பினால் புதுக் கோப்பு திறக்கலாம். இரண்டு வருஷம் ஆகும். வாரியம் அவசரப்படுவதில்லை."

இரண்டு வருஷம் போனால் கலா கூப்பிடுவதை யாரும் திருத்த முடியாது.

அப்போது டாட்ஸ் வாயைத் திறந்தார். வாரியத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் டீக்குத் தவிர எதற்கும் வாயைத் திறந்ததில்லை.

"தலைவர் அவர்களே, அந்த வளைத்த கிளை விஷயம் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கிறது. கிளை எப்படி நிற்கும்? எது அதை விடுவிக்கும்? இவர் ஒரு தடவை செய்து காட்டட்டுமே."

"பொருளை வாரியம் கண்ணால் காண்பது," என்று மேஜர் யோசித்தார். "அகராதியை நாடாத முறை. அனுமதிக்கலாம். ஆதரிப்பவர்கள்?"

கட்டடத்தின் பின்புறம் குப்பைத் தொட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே வாட்டில் என்கிற வேல மரக்கன்று ஒன்று நின்றது. வாரியம் நாற்காலிகளோடு அங்கே பெயர்ந்தது. சேஷாத்ரி வாழ்க்கையில் கண்ணி வைத்ததில்லை. ஆனால் வளைந்த கிளையில் எவ்வளவு விசை அடங்கியிருக்கும் என்று நாலு வருஷம் கணக்குப் போட்டவன். மார்கரெட்டிடம் பார்சல் கட்டும் சணல் வாங்கினான். இரண்டு பென்சில்களை பிளேடால் வெட்டி ஒன்றில் ஒன்று கொக்கியாக மாட்டினான். ஒன்றைத் தரையில் குத்தி, மற்றதைச் சணலில் கட்டினான். கிளையை வளைத்து, சுருக்கை விரித்து, நடுவே வாரியத்தின் டீ மேஜையிலிருந்து ஒரு லாமிங்டன் கேக்கை வைத்தான்.

வேலை செய்யும்போது அவனுக்கு எதுவும் வலிக்கவில்லை. கை அது பாட்டுக்கு ஓடியது. வேறெதையும் நினைக்காமல் கழிந்த நேரம் என்று ஒன்று வந்து நெடுநாளாயிற்று.

டாட்ஸ் முழங்காலிட்டு உட்கார்ந்து கொக்கியைப் பார்த்தார். வாத்தியார் வேலையில் இருந்தபோது ஒரு பையனும் அவருக்கு இப்படிச் செய்துகாட்டியதில்லை.

"ஆஹா! தலைவரே, என்ன வேலைப்பாடு! இவர் இன்ஜினியராக இல்லாவிட்டால் போகிறது. இவர் முதல்தரக் கண்ணிக்காரர். கண்ணிக்காரர் என்று தகுதி கொடுக்கும்படி முன்மொழிகிறேன்."

"அபத்தம்," என்றார் மேஜர். "இது வெறும் சணல். சுருக்கு என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? இதில் ஒரு கேக்தான் இருக்கிறது." குனிந்து கேக்கை எடுத்தார்.

பென்சில் நழுவியது. கிளை எழுந்தது. மேஜர் ஹார்கிரீவ்ஸின் வலது கை, கேக்கோடு, தலைக்குமேல் போய் நின்றது.

தலைவரின் கை உயர்ந்ததைக் கண்டதும் டாட்ஸ் கையை உயர்த்தினார். மிஸஸ் ஃபென்விக் பின்னலிலிருந்து தலையெடுக்காமலே ஊசியை உயர்த்தினார்.

"ஏகமனதாக நிறைவேறியது," என்று மார்கரெட் உரக்கச் சொன்னாள்.

"இது தீர்மானம் அல்ல! இது கயிறு!"

"சார், தூக்கின கைக்குக் காரணம் கேக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. நீங்க எழுதினது."

மேஜர் அதைக் கேட்டு அமைதியானார். அந்த விதியில் அவருக்குப் பெருமை உண்டு. பதவியேற்ற ஆண்டில் டாட்ஸ் ஒருமுறை ஈ ஓட்டக் கை தூக்கியபோது செய்த விதி.

"குறிப்பில் ஏறும்வரை கையை இறக்கவும் கூடாது சார். அதுவும் நீங்க எழுதினதுதான்."

"தெரியும்," என்றார் மேஜர், கையை உயரே வைத்துக்கொண்டு கம்பீரமாக. கேக்கின் தேங்காய்த் துருவல் அவர் தோள்மேல் உதிர்ந்தது.

மார்கரெட் பேனாவைத் திறந்தாள். எழுதாமல் சேஷாத்ரியைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அண்ணே, எழுதட்டா? கண்ணிக்காரர்னு எழுதிட்டா இன்ஜினியர் போச்சு. அப்புறம் புதுக் கோப்பு கேட்டாலும் தரமாட்டாங்க. ஆனா புள்ள உடனே வந்துரும். நீங்க சொன்னா எழுதறேன். இல்லாட்டி கயித்த அறுத்துட்டு மறந்துடலாம்."

கிண்டிப் பட்டமளிப்பு விழாவில் அங்கியோடு எடுத்த படத்தை வேதவல்லி ரேடியோமேல் வைத்திருந்தாள். தினமும் புடவைத் தலைப்பால் துடைப்பாள். அது இப்போது எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ.

முயலுக்கு இந்தக் கண்ணி சரிப்படாது, அதற்குக் கம்பிச் சுருக்கு வேண்டும் என்றும் அவனுக்குத் தெரியும். வாய்வரை வந்தது. மேஜர் வேறு தூக்கிய கையோடு, "ஒரு நாளைக்கு எத்தனை முயல் பிடிப்பீர்கள்?" என்று கேட்டார். கேள்வி கேட்டாயிற்று. எதிரே வெற்றிடம் இருந்தது. சேஷாத்ரி அதை வெற்றிடமாகவே விட்டான். பிறந்ததிலிருந்து அவன் செய்யாத காரியம் அது.

"எழுதுங்கோ," என்றான் மார்கரெட்டிடம்.

அன்று மாலை குணசீலன் சான்றிதழை விளக்கின் கீழ் பிடித்து வாசித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையில் சாய்ந்தார்.

"கண்ணிக்காரன் சேஷாத்ரி! என்ன ஐசே முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறீர்? எங்கட ஊரில இன்ஜினியரைப் பொறியியலாளர் எண்டுதானே சொல்லுறது. பொறி வைக்கிறது உம்மட வேலைதான்."

சேஷாத்ரியும் சிரித்தான். சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது.

மார்கரெட் சொன்னபடி அனுமதி விரைவாகவே வந்தது. முயல்கள் நாட்டைத் தின்றுகொண்டிருப்பதால் கண்ணிக்காரரின் குடும்பத்தைக் காக்க வைக்கலாகாது என்று அதில் கண்டிருந்தது. சேஷாத்ரி அதைப் பையில் வைத்துக்கொண்டு ட்ராமில் டிக்கெட் கிழித்தான். அந்த ட்ராமை ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் ஓட்டினான்.

டுல்லமரீன் விமான நிலையத்தில் ஒரு விமானப் பணிப்பெண் கலாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். முட்டிக்குக் கீழே தொங்கும் கம்பளிச் சட்டை. தோளில் துணிப்பை. சேஷாத்ரி முன்னால் போனான். குழந்தை நின்றுவிட்டாள். பணிப்பெண்ணின் பாவாடைக்குப் பின்னால் போய் எட்டிப்பார்த்தாள்.

"நீதான் அப்பாவா?"

"ஆமாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அது போதவில்லை. "பெரியம்மா சொல்லியிருக்கா. கேட்டுட்டுத்தான் வரணுமாம்."

"கேளு."

"எங்கம்மா என்னை என்னன்னு கூப்பிடுவா?"

சேஷாத்ரிக்கு விடை தெரியும். ஆனால் அந்தப் பெயரை அவன் சொன்னதில்லை. அது வேதவல்லியின் குரலில் மட்டும் இருந்த பெயர். அவள் போனபின் அது எங்கும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு விமானம் ஓடி ஏறியது.

"சொல்லும் ஐசே," என்று கூட வந்திருந்த குணசீலன் பின்னாலிருந்து பதறினார். "பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது."

"பட்டாணி," என்றான் சேஷாத்ரி.

குழந்தை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரிடமும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவளுக்கு விடை தெரிந்திருந்தது.

"ஏன் பட்டாணி?"

"நீ கைக்குழந்தையா இருந்தப்போ உருண்டையா இருப்பே. பாய்ல விட்டா நிக்காம உருண்டுண்டே போயிடுவே. அம்மா ஒரு கையால உன்னைப் பிடிச்சுண்டு, இன்னொரு கையால வாயைப் பொத்திண்டு சிரிப்பா."

"சத்தமாவா?"

"ரொம்ப சத்தமா. பக்கத்து ஆத்துக்குக் கேக்கும்."

கலா கொஞ்சம் யோசித்தாள். பிறகு பாவாடையை விட்டுவிட்டு வந்து, முதலில் தோளிலிருந்த துணிப்பையைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். வாசல்வரை தனியாகவே நடந்தாள். வெளியே குளிர்காற்று அடித்ததும் கையையும் கொடுத்தாள்.